விடுமுறை யாருக்கு?

கோடைகாலம் வந்து பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டுவிட்டால், குழந்தைகளை ஒரு நாளாவது எங்கேயாவது அழைத்துக்கொண்டு போய் வரவேண்டும் என்கின்ற எண்ணம் இப்போது பட்டணத்தில் மாத்திரமல்லாமல் கிராமங்களிலும் உண்டாகி வருகின்றது. இதை நாம் மனப்பூர்வமாய் வரவேற்கின்றோம். முன்னெல்லாம் குடும்பத்தோடு வெளியில் புறப்படுவதென்றால் கோயில், குளம், காது குத்து, கல்யாணம், இழவு ஆகிய இவைகளுக்காகப் புறப்படுவார்களே ஒழிய, சும்மா காற்று வாங்கவும், மரஞ்செடிகளைப் பார்க்கவும், பிள்ளைகள் ஓடியாடவும் என்று புறப்படுகிற வழக்கம் சாதாரண ஜனங்களிடத்தில் இருந்ததில்லை. பூங்காவிலும் கடற்கரையிலும் உண்டியல் இல்லை; தட்சணை இல்லை; முன்னால் நிற்பதற்கு ஒரு ஜாதி, எட்டி நிற்பதற்கு ஒரு ஜாதி என்பதும் இல்லை. 1924-ம் வருஷத்தில் வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடப்பதற்காகவும், 1927-ம் வருஷத்தில் மஹாத் என்கின்ற ஊரில் பொதுக் குளத்துத் தண்ணீரை எடுத்துக் குடிப்பதற்காகவும் மனிதர்கள் போராட வேண்டியிருந்த தேசத்தில், யார் வேண்டுமானாலும் வந்து உட்காரக்கூடிய ஒரு மணல்வெளி இருப்பது அற்ப விஷயமல்ல.

ஆனால், அந்த ஒரு நாள் சந்தோஷம் வீட்டிலுள்ள எல்லோருக்கும் சந்தோஷமாய் இருக்கின்றதா என்பதுதான் நமது கேள்வி. இதை ஊரார் வீட்டுக் கதையாக எழுதாமல் நம் வீட்டுக் கதையாகவே எழுதுகின்றோம். ஊரார் யோக்கியதையை எடுத்துச் சொல்ல வருகின்றவன் முதலில் தன் யோக்கியதையைச் சொல்லிக் கொள்ளுவதுதான் நாணயமாகும்.

சென்ற கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாம், நம் வீட்டம்மாள், 70 வயதான தாயார், 11 வயது மகள், 7 வயது மகன் ஆகிய ஐந்து பேரும் பகலில் கிண்டி சிறுவர் பூங்காவுக்கும், மாலையில் மெரினா கடற்கரைக்கும் போய் வருவதென்று ஏற்பாடு செய்துகொண்டோம். "ஏற்பாடு செய்துகொண்டோம்" என்று எழுதுகின்றோமே தவிர, நாம் செய்த ஏற்பாடெல்லாம் முதல் நாள் இராத்திரி சாப்பிட்டுவிட்டுக் கை கழுவுகின்றபோது "நாளைக்குப் போகலாம்" என்று சொன்னதுதான். மற்ற ஏற்பாடுகள் விடியற்காலை மூன்றரை மணிக்கு ஆரம்பமாயின. நாம் ஆறரை மணிக்கு எழுந்து பார்க்கின்றபோது புளியோதரை ஆறிக்கொண்டிருந்தது. தயிர் சாதம் தூக்கில் ஏறிவிட்டது. உருளைக்கிழங்கு வறுவல் அடுப்பில் இருந்தது. தாயாருக்கென்று காரமில்லாமல் வேறொன்று தனியாய்க் கொதித்துக்கொண்டிருந்தது. பிள்ளைகளுக்கு மாற்றுத் துணி, துண்டு, தண்ணீர்ப் பாட்டில், தாயாருடைய மாத்திரை, விரிப்பதற்கு ஒரு பழைய போர்வை ஆகிய எல்லாம் மூன்று பைகளில் கட்டப்பட்டிருந்தன. நாம் குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, "இன்னும் எவ்வளவு நேரம்? வெயில் ஏறிவிடுமே!" என்று அதட்டியதுதான் அந்தக் காலைப்பொழுதில் நாம் செய்த வேலையாகும்.

பஸ்ஸில் வீட்டம்மாளுக்கும் மகளுக்கும் டிக்கட் இல்லை. 2021-ம் வருஷம் மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகர பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாதல்லவா? இது பெரிய காரியம் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. பெண் ஒருத்தி எங்கேயாவது போகவேண்டுமென்றால் புருஷன் கையைப் பார்த்து நிற்க வேண்டியதில்லை என்கின்ற அளவுக்கு அது நல்ல காரியமே. ஆனால் பஸ்ஸில் இலவசமாய் ஏறியவளின் கையில் மூன்று பைகள் இருந்ததையும், டிக்கட் வாங்கிய நாம் கையை வீசிக்கொண்டு ஏறியதையும் எந்தச் சர்க்கார் உத்தரவு மாற்றும்?

கிண்டியில் சிறுவர் பூங்காவை ஒட்டிப் பாம்புப் பண்ணையும் இருக்கின்றது. ரோமுலஸ் விட்டேகர் என்பவர் 1972-ம் வருஷத்தில் அமைத்தது. குழந்தைகளை அழைத்துப் போக அதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடைப்பது அருமை. பாம்பு பால் குடிக்காது என்பதையும், அதற்கு வெளிக்காது கிடையாதாகையால் மகுடியின் இசையில் மயங்கி ஆடவில்லை, ஆட்டுகின்ற மகுடியின் அசைவைப் பார்த்தே தலையைத் திருப்புகின்றது என்பதையும் கண்ணெதிரே காட்டிச் சொல்லிவிட்டால், நாளைக்கு ஒருவன் புற்றுக்குப் பால் ஊற்றக் காசு கேட்டு வந்தால் அந்தப் பிள்ளை ஏமாறாது. நாமும் மகனைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு வெகு உற்சாகமாய் இதையெல்லாம் விளக்கினோம். பக்கத்தில் மகள் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். "தம்பியைப் பார்த்துக்கொள், பாட்டியைப் பார்த்துக்கொள்" என்று அவளுக்கு உத்தரவு கொடுத்திருந்தோம். பார்க்க வேண்டியது பாம்பையும் மானையும் அல்லவா என்பது அப்போது நமக்குத் தோன்றவில்லை.

வீட்டம்மாள் உள்ளேயே வரவில்லை. "எனக்குப் பாம்பென்றால் பயம், நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்" என்று பைகளோடு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். நாமும் "பெண்களுக்கு இயற்கையிலேயே பயம் அதிகம்" என்று ஒரு தத்துவத்தைச் சொல்லிச் சிரித்துவிட்டு உள்ளே போனோம்.

மத்தியானச் சாப்பாடு ஆனதும், தாயார் நான்கு மணிக்கு முன்னதாகவே அவசரப்படுத்த ஆரம்பித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை நாலரை முதல் ஆறு வரையில் இராகு காலமாம். அதற்குள் கடற்கரை போய்ச் சேர்ந்துவிட வேண்டுமாம். அந்த நாலரைக்கும் ஆறுக்கும் இடையில்தான் பட்டணத்திலுள்ள பஸ்களும் இரயில்களும் ஆயிரக்கணக்கான ஜனங்களைக் கடற்கரையில் கொண்டுவந்து இறக்கிக்கொண்டிருந்தன. இராகு அவர்களில் ஒருவரையும் ஒன்றும் செய்யவில்லை. நமக்குக் கிடைத்த பலனெல்லாம் கால் கொப்பளிக்கும்படியான சுடுமணலில் நடந்ததும், வீட்டம்மாளுக்கு முகம் கழுவிக்கொள்ளக்கூட அவகாசமில்லாமல் போனதுமே.

கடற்கரையில் போர்வையை விரித்தோம். மணலில் உட்கார்ந்து நாம் மகனுக்குப் பாடம் நடத்தினோம். பகலில் தண்ணீரைவிட நிலம் சீக்கிரம் சூடேறுவதாலும், அந்தச் சூட்டில் நிலத்தின் மேலுள்ள காற்று இலேசாகி மேலே கிளம்புவதாலும், அந்த இடத்துக்குக் கடலின் மேலுள்ள குளிர்ந்த காற்று வருகின்றது என்பதைச் சொன்னோம். இந்த மணல்வெளி எப்போதும் இவ்வளவு அகலமாய் இருந்ததில்லை என்பதையும், 1875-ம் வருஷத்துக்குப் பிறகு துறைமுகம் கட்டிய பின் தெற்கேயிருந்து வருகின்ற மணல் தடுக்கப்பட்டு இங்கே சேர்ந்தது என்பதையும், அதற்குப் பதிலாக வடக்கே இராயபுரத்துப் பக்கம் கடல் கரையைத் தின்றுகொண்டு வந்தது என்பதையும் சொன்னோம். ஒரு பக்கத்தில் சேர்கின்றதென்றால் இன்னொரு பக்கத்தில் குறைகின்றது என்று அர்த்தம் என்றும் சொன்னோம். அந்த நியாயம் நம் போர்வைக்கும் பொருந்தும் என்பதை அப்போது யோசிக்கவில்லை.

பிறகு நாமும் மகனும் செருப்புகளைக் கழற்றி விட்டுவிட்டு அலையில் கால் நனைக்கப் போனோம். மகளும் பாவாடையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். "பெரிய மனுஷியாகப் போகிற பெண் நனைந்த துணியோடு நாலு பேர் பார்க்க நிற்கலாமா? உட்காரடி" என்று பாட்டி சொன்னார்கள். பெண் உட்கார்ந்துவிட்டாள். இந்தக் கடலில் இறங்கிக் குளிக்கக் கூடாது என்று போலீசார் எச்சரிப்பது உண்மைதான். கரையருகிலேயே ஆளை உள்ளே இழுக்கின்ற நீரோட்டம் உண்டு. ஆனால் அந்த நீரோட்டம் ஆண் பிள்ளை, பெண் பிள்ளை என்று பார்த்து இழுப்பதில்லை. ஆபத்துக்காகத்தான் தடுத்தோமென்றால் இரண்டு பேரையும் ஒரே அளவு தண்ணீரில் நிறுத்தியிருக்க வேண்டும். மகனை முழங்கால் தண்ணீரில் விட்டுவிட்டு மகளை மணலில் உட்கார வைத்தது கடலுக்குப் பயந்ததனாலல்ல, அந்த "நாலு பேருக்கு"ப் பயந்ததனாலேயாகும். அந்த நாலு பேர் யார் என்று இதுவரையில் ஒருவரும் நமக்குக் காட்டியதில்லை.

இருட்டிய பிறகு சுண்டலும் மிளகாய் பஜ்ஜியும் தின்றுவிட்டு வீடு வந்து சேர்ந்தோம். வந்தவுடன் நாம் நாற்காலியில் சாய்ந்தோம், பிள்ளைகள் படுத்துவிட்டார்கள், வீட்டம்மாள் மணல் துணிகளை நனைத்து, பாத்திரங்களைத் துலக்கி, மறுநாளைக்கு மாவு கரைத்து வைத்துவிட்டுப் பதினொரு மணிக்கு வந்தாள். வரும்போதே ஒரு செம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தாள். நாம் பெருந்தன்மையாய், "இன்றைக்குக் கடல் எப்படி இருந்தது?" என்று கேட்டோம்.

"நான் எங்கே கடலைப் பார்த்தேன்? உங்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்" என்றாள்.

மேலும் விசாரித்ததில் தெரியவந்தது: பாம்புக்குப் பயம் என்று சொன்னதும் பொய்யாம். விடியற்காலை முதல் நின்றதில் கால் வீங்கிவிட்டதாம். "கால் வலி என்றால் உங்கள் எல்லோருக்கும் மனசு கெட்டுப்போகும், பயம் என்றால் சிரித்துவிட்டுப் போய்விடுவீர்கள்" என்றாள். பகலெல்லாம் தண்ணீரே குடிக்கவில்லையாம். "குடித்துவிட்டு எங்கே போவது?" என்று கேட்டாள். அதற்கு நம்மிடம் பதிலில்லை. பெண்களுக்கு இயற்கையிலேயே பயம் என்று நாம் சொன்ன தத்துவத்தின் யோக்கியதை இவ்வளவுதான். களைப்புக்கு மரியாதை இல்லாத வீட்டில் பயம் என்கின்ற வேஷத்தைப் போட்டுக்கொண்டுதான் ஒரு பெண் பத்து நிமிஷம் உட்கார வேண்டியிருக்கின்றது.

நிற்க, அந்த மெரினாவின் சரித்திரத்தைக் கொஞ்சம் பாருங்கள். 1884-ம் வருஷத்தில் கவர்னர் கிராண்ட் டப் துரை அங்கே உலாவும் சாலையை அமைத்து, மெரினா என்று பெயரும் வைத்தார். அந்தக் காலத்தில் துரைமார் காற்று வாங்குவார்கள். துரைமார் வீட்டுக் குழந்தைகளை ஆயா பார்த்துக்கொள்ளுவாள். துரைமார் போய்விட்டார்கள். ஆனால் கடற்கரைக்கு வருகின்ற ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு துரை இன்னமும் காற்று வாங்குகின்றான். ஒரு ஆயா இன்னமும் பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றாள். வித்தியாசமென்னவென்றால் அந்த ஆயாவுக்குச் சம்பளம் உண்டு.

அதே கடற்கரையில்தான் 1923-ம் வருஷம் மே மாதம் 1-ந் தேதி தோழர் சிங்காரவேலர் இந்தியாவிலேயே முதன்முதலாக மே தினத்தைக் கொண்டாடினார். மே தினத்துக்குக் காரணமான கோரிக்கை என்ன? எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு, எட்டு மணி நேரம் அவனவன் இஷ்டம் என்பதாகும். 1947-ம் வருஷத்து மதராஸ் கடைகள் சட்டம் சிப்பந்திகளுக்கு வாரத்தில் ஒரு நாள் விடுமுறை என்றது. 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு கட்டியது. கடையில் வேலை செய்கின்றவர்களுக்கு உட்கார இருக்கை போட வேண்டும் என்பதற்குக்கூட 2021-ம் வருஷத்தில் தமிழ்நாட்டில் ஒரு சட்டத் திருத்தம் வேண்டியிருந்தது. 2023-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் தொழிற்சாலைகளில் நாளொன்றுக்கு 12 மணி நேரம் வேலை வாங்க இடங்கொடுக்கும் மசோதா நம் சட்டசபையில் நிறைவேறியபோது, தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன. சர்க்காரும் அதை வாபஸ் பெறுவதாக அவ்வருஷத்து மே தினத்திலேயே அறிவித்தது. மிகவும் சரி. நாமும் எதிர்த்தவர்களோடு சேர்ந்தவர்களே. ஆனால் 12 மணி நேரம் அக்கிரமம் என்று கூச்சலிட்ட நாம், நம் வீட்டில் விடியற்காலை மூன்றரை முதல் இராத்திரி பதினொன்று வரையில் பத்தொன்பதரை மணி நேரம் ஒரு ஆள் வேலை செய்த நாளுக்கு "விடுமுறை நாள்" என்று பெயர் வைத்திருந்தோம்!

இது நம் ஒரு வீட்டின் கதை மாத்திரமல்ல. மத்திய சர்க்காரின் புள்ளி விவர இலாகாவார் 2024-ம் வருஷத்தில் எடுத்த நேரக் கணக்கின்படி, கூலியில்லாத வீட்டு வேலை செய்கின்றவர்களில் பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிஷமும், ஆண்கள் 88 நிமிஷமும் செலவிடுகின்றார்கள். வீட்டு வேலையில் கையே வைக்காத ஆண்கள் இந்த 88-ல் சேர்த்தியில்லை. பிள்ளைகளையும் கிழவர்களையும் பராமரிக்கின்ற நேரமும் இதில் சேர்த்தியில்லை. அது தனிக் கணக்கு. வீட்டு வேலையில் மாத்திரம் பெண்ணுக்கு வாரத்தில் 33 மணி நேரத்துக்கு மேல் ஆகின்றது. இதே கணக்கை 2019-ம் வருஷத்தில் எடுத்தபோது பெண்களுக்கு 299 நிமிஷமும், ஆண்களுக்கு 97 நிமிஷமும் இருந்தன. அதாவது ஐந்து வருஷத்தில் பெண்களுக்கு 10 நிமிஷம் குறைந்தது. ஆண்களுக்கும் 9 நிமிஷம் குறைந்துவிட்டது! சுமையைப் பகிர்ந்துகொள்ளுவதில்தான் நமக்குத் தாமதமே தவிர, குறைகின்றபோது பங்கு கேட்பதில் தாமதமில்லை.

இதற்கு நம்மவர்கள் சொல்லக்கூடிய சமாதானங்கள் நமக்குத் தெரியும். முதலாவது, "அவர்களே ஆசையாய்ச் செய்கின்றார்கள்" என்பது. ஆசையாய்ச் செய்கின்றார்களா என்பது, செய்யாமலிருக்கவும் உரிமை இருந்தால்தானே தெரியும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை "இன்றைக்கு நான் சமைக்கவில்லை" என்று ஒரு பெண் சொல்லி, அதற்கு அந்த வீட்டில் முகம் சுளிக்காமல் இருந்தால், மறு ஞாயிற்றுக்கிழமை அவள் சமைப்பதை ஆசை என்று ஒப்புக்கொள்ளுகின்றோம். இரண்டாவது, "வெளியில் வாங்கிச் சாப்பிடப் பணமில்லை" என்பது. ஏழைக் குடும்பத்தில் இது உண்மையே. கட்டுச்சோறு கட்ட வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் கட்டுச்சோறு கட்டுவதற்குப் பெண்ணின் கைதான் வேண்டும் என்று புளிக்கோ அரிசிக்கோ ஏதாவது விதியுண்டா? மூன்றாவது, "அன்புக்குக் கணக்குப் பார்க்கலாமா" என்பது. அன்பு என்றால் இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். ஒருவர் மூன்றரை மணிக்கு எழுந்திருப்பதும், மற்றவர் ஆறரை மணிக்கு எழுந்து அதட்டுவதும் அன்பு என்றால், பண்ணையாருக்கும் பண்ணையாளுக்கும் இருந்ததும் அன்புதான் என்று சொல்ல வேண்டியதாய் ஏற்படும்.

இவற்றையெல்லாம்விட நமக்குப் பெரிய கவலையாய் இருப்பது அந்த 11 வயதுப் பெண்ணின் சங்கதியேயாகும். அவள் அன்றைக்குக் கற்றுக்கொண்ட பாடமென்ன? பாம்பைப் பற்றியும், கடற்காற்றைப் பற்றியும் தம்பி கற்றுக்கொண்டான். வெளியில் வந்தால் மற்றவர்களைப் பார்த்துக்கொள்ளுவதும், செருப்புக்குக் காவலிருப்பதும் தன் வேலை என்று அக்காள் கற்றுக்கொண்டாள். நாளைக்கு அவளும் ஒரு வீட்டில் மூன்றரை மணிக்கு எழுந்து, "எனக்குப் பாம்பென்றால் பயம்" என்று சொல்லுவாள். ஒரு தலைமுறையின் அடிமைத்தனத்தை அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பதற்குச் சாஸ்திரமும் புராணமும்கூட வேண்டியதில்லை; நாம் ஆசையாய் அழைத்துக்கொண்டு போகின்ற ஒரு உல்லாச நாளே போதும்.

சர்க்காரும் நகரசபையும் செய்ய வேண்டியதும் உண்டு. 2022-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் மெரினாவில் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரில், நடக்க முடியாதவர்கள் சக்கர நாற்காலியில் அலை வரையில் போவதற்கு மரத்தினால் ஒரு பாதை போட்டார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது; மறுபடியும் செப்பனிட்டார்கள். அது எதைக் காட்டுகின்றதென்றால், "இத்தனை பேர் வருகின்ற கடலை யார் இன்னும் தொடவில்லை?" என்று ஒருவர் கேட்டால் அதற்கு வழியும் பிறக்கும் என்பதைத்தான். அதே கேள்வியைப் பெண்களைப் பற்றியும் கேட்க வேண்டும். பெண் துணிந்து ஒரு செம்புத் தண்ணீர் குடிக்க வேண்டுமானால், எட்டுகின்ற தூரத்தில் தண்ணீரும் தாழ்ப்பாளும் வெளிச்சமுமுள்ள கக்கூசு இருக்க வேண்டும். கோடை வெயிலில் தண்ணீர் குடிக்காமலும், சிறுநீரை அடக்கிக்கொண்டும் பகல் முழுதும் இருந்தால் வியாதி வருமென்று எந்த டாக்டரும் சொல்லுவார். சிலைகளும் நீரூற்றுகளும் இருக்கட்டும். அதற்கு முன்னால் இது இருக்க வேண்டும் என்பதே நமது அபிப்பிராயம்.

ஆனால் சர்க்கார் செய்கின்றவரையில் நாம் காத்திருக்க வேண்டியதில்லாத காரியங்கள் வீட்டிலேயே இருக்கின்றன. அடுத்த மாதம் மறுபடியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாம் கடற்கரைக்குப் போனோம். முதல் நாள் இராத்திரியே நாமும் பிள்ளைகளும் சேர்ந்து எலுமிச்சம்பழச் சாதத்துக்கு வேண்டியதைச் செய்து வைத்தோம். காலையில் நாம் வடித்த சாதம் குழைந்துவிட்டது, ஒருவரும் சாகவில்லை. பை இரண்டானது, இரண்டையும் நாமே தூக்கினோம். இராகு காலத்தில்தான் பஸ் ஏறினோம். தாயார் முணுமுணுத்தார்கள், ஆனாலும் வந்தார்கள். கக்கூசு எங்கேயிருக்கிறதென்று முதலில் போய்ப் பார்த்துவிட்டு வந்த பிறகே போர்வையை விரித்தோம். பிறகு செருப்புகளை நம் பக்கத்தில் அடுக்கி வைத்துக்கொண்டு நாம் உட்கார்ந்தோம்.

உட்கார்ந்து பார்த்தபோதுதான் ஒரு விஷயம் தெரிந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் வரையில் ஒவ்வொரு போர்வையிலும், ஒவ்வொரு செருப்புக் குவியலுக்குப் பக்கத்திலும், ஒரு பெண்ணே உட்கார்ந்திருந்தாள். எத்தனையோ வருஷமாய் அந்தக் கடற்கரைக்குப் போய் வந்திருந்தும், அலையில் நின்றுகொண்டு கடலைப் பார்த்த நமக்கு முதுகுக்குப் பின்னால் இருந்த இது தெரியாமலே போயிற்று.

மகளும் வீட்டம்மாளும் கையைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நின்றார்கள். சற்று நேரம் பொறுத்து, "நாலு பேர் பார்ப்பார்கள்" என்று சொன்ன தாயாரையும் பேத்தி வந்து எழுப்பிக்கொண்டு போனாள். கணுக்கால் நனைந்தவுடன் அந்த 70 வயதுக் கிழவி சிரித்த சிரிப்பு நமக்குக் கரையிலேயே கேட்டது. நாலு பேரும் அந்தப் பக்கம் வரவேயில்லை.

ஆகவே தோழர்களே, கோடையில் உங்கள் பிள்ளைகளைக் கட்டாயம் பூங்காவுக்கும் கடற்கரைக்கும் அழைத்துப் போங்கள். கடன் வாங்கிக் கோயில் திருவிழாவுக்குப் போவதைவிட ஆயிரம் மடங்கு மேலான காரியம் அது. ஆனால் புறப்படுகின்றபோது பை யார் கையில் இருக்கின்றது என்பதையும், திரும்பி வந்த பிறகு பாத்திரம் யார் துலக்குகின்றார்கள் என்பதையும் பாருங்கள். பெண் விடுதலையைப் பற்றி மேடையில் பேசுவது நல்லதுதான், கேட்பதும் நல்லதுதான். ஆனால் அதற்கு முன் ஒரு நாள், ஒரு மணி நேரம், உங்கள் வீட்டார் செருப்புக்கு நீங்கள் காவலிருந்து பாருங்கள் என்று கேட்டுக்கொள்ளுகின்றோம்.